இடது கம்பத்துக்குப் பின்னால்

வெதர்ஷா
12 பிப்ரவரி 1961, ஞாயிறு இரவு

கிளிஃப் அண்ணா,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. உன்னோடு அறையில் தங்கியிருப்பவரிடம்கூட வேண்டாம். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. அப்பாவுக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதை இப்போது உடைக்கப் போகிறேன்.

அப்பாவுக்கு இடது கண் தெரியவில்லை.

எழுதிவிட்டேன். எழுதினால் பயம் குறையும் என்று நினைத்தேன், குறையவில்லை. விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் தெருவிளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

கிறிஸ்மஸுக்கு மறுநாள் ஆட்டத்தில் ஒருவன் பூட்ஸ் அவர் நெற்றியில் பட்டது. நீ பேப்பரில் பார்த்திருப்பாய், "ஷாரக் மீண்டும் எழுந்தார்" என்று போட்டிருந்தார்கள். டிரெய்னர் சிட் வாளியோடு ஓடிப்போய் ஈர ஸ்பாஞ்சால் முகத்தைத் துடைத்தார், மயக்கம் தெளிய மூக்கில் உப்புப் பாட்டிலைக் காட்டினார், அவ்வளவுதான். கோல்கீப்பர் வெளியே போனால் பத்துப் பேரோடு ஆட வேண்டும், மாற்று ஆள் இறக்க விதி இல்லை. அப்பா எழுந்து நின்றார். எல்லோரும் கைதட்டினார்கள், நானும்தான்.

அதற்குப் பிறகு ஒரு நாள் கவனித்தேன். ஆட்டம் தொடங்குமுன் அப்பா பூட்ஸ் முனையால் இடது கம்பத்தில் இரண்டு உதை, வலது கம்பத்தில் ஒன்று உதைப்பாரே, மண் உதிர. நீகூட வீட்டுக் கதவை அப்படித்தான் உதைப்பாய், அம்மா திட்டுவாள். இப்போது அவர் இடது கம்பத்தை உதைப்பதில்லை. கையை நீட்டித் தடவிப் பார்க்கிறார். வீட்டில் தேநீரைக் கோப்பைக்கு இடது பக்கம் மேஜையில் ஊற்றினார். நான் துடைத்தேன். அவர் என்னைப் பார்த்தார். அப்போதே இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது.

பக்கத்து ஊர் டாக்டரிடம் போனபோது துணைக்கு என்னைத்தான் அழைத்துப் போனார், சாலையைக் கடக்கப் பயம். நான் கதவுக்கு வெளியே இருந்தேன். டாக்டர் சத்தமாகப் பேசுகிறவர். "இன்னொரு அடி அதே இடத்துல பட்டா மத்த கண்ணும் போயிடும். உயிரே போனாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன், மிஸ்டர் ஷாரக். பூட்ஸைக் கழட்டிடுங்க." அப்பா வெளியே வந்து, "நல்ல மனுஷன், கொஞ்சம் பயந்த சுபாவம்" என்றார்.

பஸ்ஸில்தான் என்னிடம் கேட்டார். "குட்டி, நீ இடது கம்பத்துக்குப் பின்னால நில்லு. அந்தப் பக்கம் பந்து வந்தா 'இடது'ன்னு கத்து. தாழ்வா வந்தா 'கீழ'ன்னு கத்து. மே மாசம் வரைக்கும்தான். அப்புறம் நானே விட்டுடறேன். அம்மாகிட்ட மட்டும் மூச்சு விடக்கூடாது."

அண்ணா, நான் இப்போது அப்பாவின் கண். பாதைகளில், வகுப்பில், கணக்குப் போடும்போது, எப்போதும் அதே நினைப்புதான். ஒரு தடவை நான் கண்ணைச் சிமிட்டினால் என்ன ஆகும்?

அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அன்றைக்கு அடிபட்டு வந்தபோது, "இன்னொரு அடி பட்டுச்சு, உங்க பூட்ஸை மில் கொதிகலன்ல போட்டுருவேன்" என்றாள் அம்மா. அப்பா என்னிடம், "அவ போட்டா நானும் அது கூடவே உள்ள விழுந்த மாதிரிதான்" என்றார். இரண்டு பேரும் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாமல் பேசுவதும் லேசில்லை. தறி இரைச்சலில் காது போய், உதட்டைப் பார்த்தே பேசிப் பழகினவள். அறையின் அந்த மூலையிலிருந்தே நம் வாயைப் படித்துவிடுவாள். நானும் அப்பாவும் பாத்திரம் கழுவும்போது சுவரைப் பார்த்துக்கொண்டுதான் பேசுகிறோம்.

நாம் நாலாம் டிவிஷனில் கடைசியிலிருந்து மூன்றாவது இடம். கடைசி நாலில் முடித்தால் மறுபடியும் மற்ற கிளப்புகளிடம் ஓட்டுக் கேட்டு நிற்க வேண்டும். இரண்டு வருஷம் கேட்டாயிற்று. மூன்றாவது தடவை எவனும் கை தூக்க மாட்டான், வெதர்ஷா லீக்கை விட்டே போய்விடும் என்கிறார் அப்பா. மில்லில் ஒரு தறிக் கொட்டகையை மூடியாயிற்று. "இதுவும் போச்சுன்னா சனிக்கிழமை ஆம்பளைங்க எங்கடி போவாங்க?" என்கிறார்.

வேறு கோல்கீப்பர் இல்லை. நீதான் இருந்தாய். உன் பெயரைக் கிளப் இன்னும் விடவில்லை, சீசன் முடிகிற வரை நீ வெதர்ஷா ஆட்டக்காரன்தான் என்று மேனேஜர் டக்வொர்த் சொன்னாராம்.

பதிலை என் தோழி டோரத்தி வீட்டு முகவரிக்குப் போடு. நம் வீட்டுத் தபாலை அப்பாதான் எடுக்கிறார்.

வின்னி

*

கோவென்ட்ரி
17 பிப்ரவரி

வின்னி,

கடிதம் வந்தது. அடுப்பில் போட்டேன். பாதி எரிந்ததும் இடுக்கியால் வெளியே எடுத்து மறுபடி படித்தேன். பிறகு போட்டேன்.

என்னிடம் எதற்குச் சொல்கிறாய்? நான் அந்த வீட்டில் இல்லை. இங்கே கார் கதவுக்குக் கைப்பிடி மாட்டுகிறேன், நாள் முழுக்க. பந்தைத் தொட்டு மாதக்கணக்கில் ஆகிறது. நிம்மதியாக இருக்கிறேன்.

போன அக்டோபரில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். கிழவருக்குக் காய்ச்சல் என்று எனக்கு ஒரே ஒரு ஆட்டம் கொடுத்தார்கள். ஒரு பந்து கால் நடுவே போனது. போகும், எவனுக்கும் போகும். அவர் காய்ச்சலோடு எழுந்து வந்து உடைமாற்றும் அறையில் எல்லார் முன்னாலும் என்ன சொன்னார்? "என் பையன் கையில வெண்ணெய் தடவிக்கிட்டு வந்திருக்கான், யாராவது ரொட்டி கொண்டு வாங்கப்பா." மற்ற பத்துப் பேரும் சிரித்தார்கள். சிட்கூடச் சிரித்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் மேஜையில் நான் சொன்னதும் உனக்குத் தெரியும். நீ மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாய், உன் காலுறை எனக்குத் தெரிந்தது. "நீங்க செத்தாத்தான் எனக்கு இடம்" என்றேன். அம்மா என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு வார்த்தைகூடத் தப்பியிருக்காது.

அப்படிச் சொன்னவன் எந்த முகத்தை வைத்துக்கொண்டு திரும்ப வருவது? வந்தால் கிழவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். "எடத்துக்கு வந்துட்டியா, இன்னும் நான் சாகல" என்பார்.

அம்மாவிடம் சொல். அல்லது டக்வொர்த்திடம் சொல். என்னிடம் சொல்லாதே.

கிளிஃப்

பி.கு. டாக்டர் உண்மையிலேயே உயிர் என்றாரா?

*

வெதர்ஷா
12 மார்ச், இரவு

அண்ணா,

ஆமாம், உயிர் என்றார்.

உனக்கு எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்று கிரிம்லியில் ஒன்று நடந்தது. இதையும் எரித்துவிடு.

ரசிகர்கள் பஸ்ஸில் நானும் போனேன். முதல் பாதி நன்றாகத்தான் போனது. தொண்டை கிழியக் கத்தினேன். நம் ஆட்கள் என்னைக் கிண்டல் செய்வார்கள். "எர்னி பொண்ணைக் கேளுங்கடா, மில்லுக்குச் சங்கே வேணாம்!" என்றார் ஒருவர். இன்னொருவர், "ரெஃபரிக்குத்தான் கண்ணு தெரியல, இவளைக் கொண்டுபோய் அவனுக்குப் பின்னால நிறுத்துங்க!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் கை கம்பியில் ஒட்டிக்கொண்டது போல் ஆகிவிட்டது.

இடைவேளையில் நம் கூட்டம் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு அடுத்த முனைக்கு நடந்தது. நான் ஓடிப்போய் இடது கம்பத்துக்குப் பின்னால் முதலில் நின்றேன். அப்பா மற்றவர்களுக்கு முன்பே வந்துவிட்டார், கம்பத்தைத் தடவிப் பார்க்க வேண்டுமே. சுற்றிலும் ஆட்கள் இருந்ததால் நாங்கள் சத்தமில்லாமல் வாயசைத்துப் பேசினோம், அம்மா மில்லில் பேசுகிற மாதிரி. எங்களுக்கு வீட்டுப் பழக்கம்தானே.

"கண்ணு எப்படி?" என்றேன்.

"ஒண்ணும் தெரியல. கறுப்புத் துணி கட்டின மாதிரி இருக்கு. நீ சத்தமாக் கத்து" என்றார்.

அப்படிப் பேசினால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தோம். அண்ணா, நாங்கள் எவ்வளவு முட்டாள்கள்! கிரிம்லியும் மில் ஊர். ஸ்டாண்டில் இருக்கும் பெண்களில் பாதிப் பேர் தறி ஓட்டுகிறவர்கள்.

ஓரத்தில் பச்சை ஸ்கார்ஃப் கட்டின ஒரு பெண் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தாள். மெல்லுவதை நிறுத்திவிட்டாள். என் வாயைப் பார்த்தாள். அப்பா முகத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தன் கையை எடுத்துத் தன் இடது கண்ணை மூடிக் காட்டினாள். "அப்படியா?" என்று கேட்பது போல என்னைப் பார்த்துத் தலையைச் சாய்த்தாள்.

நான் ஸ்கார்ஃபை மூக்குவரை ஏற்றிக்கொண்டேன். அதுதான் பெரிய தப்பு. மறைத்ததிலேயே பதில் கிடைத்திருக்கும்.

இரண்டாம் பாதியில் பந்தெல்லாம் இடது பக்கமே வந்தது. தற்செயலாகவும் இருக்கலாம். காற்று அந்தப் பக்கம் அடித்தது. நான் கத்திக்கொண்டே இருந்தேன், அப்பா விழுந்து விழுந்து தடுத்தார், கோல் இல்லாமல் டிரா ஆனது. திரும்பி வரும்போது பஸ்ஸில் டோரத்தி அப்பா சொன்னார், பச்சை ஸ்கார்ஃப் அம்மாள் கிரிம்லியின் வலது ஓர ஆட்டக்காரன் பிரியர்லியின் தாயாம். அவன்தான் அந்தப் பக்கமாகவே ஓடி ஓடிப் பந்தைத் தூக்கிப் போட்டவன்.

பனியால் தள்ளிப்போன ஒரு ஆட்டம் இருக்கிறதே, அதைச் சீசனின் கடைசி ஆட்டமாக வைத்திருக்கிறார்கள். நம் மைதானத்தில். கிரிம்லியோடு.

அப்பாவிடம் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லவில்லை. உன்னிடம் மட்டும்தான். என்ன செய்யட்டும் என்று சொல். திட்டினாலும் பரவாயில்லை, ஏதாவது சொல்.

வின்னி

*

கோவென்ட்ரி
16 மார்ச்

வின்னி,

இரண்டு நாளாக யோசித்தேன். வேலையில் ஒரு கைப்பிடியைத் தலைகீழாக மாட்டிவிட்டேன், மேற்பார்வையாளர் "என்னடா, உங்க வடக்கு ஊர்ல கார்க் கதவு அப்படித்தான் தொறக்குமா?" என்றான்.

கேள். அவர் சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. டாக்டர் சொல்லியே கேட்கவில்லை. அவரை வெளியே உட்கார வைக்க ஒரே ஆளால்தான் முடியும், அது டக்வொர்த். டக்வொர்த்துக்கு ஒரே காரணம்தான் புரியும், அது கோல்.

நீ கத்தாதே.

கிரிம்லி ஆட்டம் வரைக்கும் காத்திருக்காதே, அதற்கு முன்பே செய். லேசான ஆட்டமாகப் பார். இடது பக்கம் பந்து வரும்போது வாயை மூடிக்கொண்டிரு. ஒன்று போகும், இரண்டு போகும். எல்லோரும் கிழவர் முடிந்துபோனார் என்பார்கள். அவருக்கு வலிக்கும்தான், எனக்கும் வலித்தது. ஆனால் கண்ணோடு உயிரோடு வீட்டில் உட்கார்ந்திருப்பார்.

உனக்கு இது கொடுமையாகத் தெரியும். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

கிளிஃப்

*

வெதர்ஷா
16 ஏப்ரல், இரவு

அண்ணா,

நீ சொன்னபடி செய்தேன்.

ஒரு மாதம் வரை என்னால் முடியவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் இன்றைக்கு வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று போவேன், பந்து வரும், வாய் தானாகத் திறந்துவிடும். நேற்றுதான் பல்லால் ஸ்கார்ஃபைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

முதல் கோல் அவர் பக்கத்திலேயே உருண்டு போனது. அவர் திரும்பவே இல்லை. வலை அசைந்த பிறகுதான் திரும்பினார். கூட்டம் ஊளையிட்டது. "எர்னி, தூங்கறியா? தலகாணி கொண்டாரட்டுமா?" என்று ஒருவன் கத்தினான். அப்பா என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. எனக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பார்த்தார்.

இரண்டாவதும் போனது. அது போதும் என்று நினைத்தேன். ஆனால் நாம் இரண்டு பேரும் ஒன்றை யோசிக்கவில்லை, அண்ணா. அப்பா கண் தெரியாவிட்டாலும் நிற்கிற ஆள் இல்லை. என் சத்தம் வராததால் அவர் எல்லாப் பந்துக்கும் இடது பக்கம் பாய ஆரம்பித்தார், குருட்டாம்போக்கில். ஒரு பந்து உயரமாக வந்தது. அவர்களுடைய சென்டர் ஃபார்வர்டும் ஓடி வந்தான். நான் ஸ்கார்ஃபைத் துப்பிவிட்டு "அப்பா" என்று கத்தினேன். இடது என்றுகூட வரவில்லை. அவன் முழங்கால் அப்பா தலையில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. மரக்கட்டை மேல் மரக்கட்டை விழுந்த மாதிரி.

அசையாமல் கிடந்தார். மைதானமே அமைதியாகிவிட்டது, மில் நின்ற மாதிரி.

சிட் வாளியோடு வந்தார். அப்பாவை உட்கார வைத்து, இடது பக்கம் மண்டியிட்டு, தாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். "தலையை ஆட்டாத, எர்னி. எத்தன விரல்?" என்று மற்ற கையை நீட்டினார். இடது பக்கமாகவே நீட்டினார்.

அவர் தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் போதும். சிட் வெளியே கொண்டு போயிருப்பார். எல்லாம் முடிந்திருக்கும்.

அப்பாவின் நல்ல கண் என் பக்கம் இருந்தது. என்னைப் பார்த்தார். முகமெல்லாம் ரத்தம். அப்படிப் பார்த்தால் நீ என்ன செய்வாய்?

நான் வாயசைத்தேன். "மூணு."

"மூணு" என்றார் அப்பா. சிட் தோளில் தட்டிவிட்டு எழுந்தார். கூட்டம் கைதட்டியது.

பேசவேண்டிய நேரத்தில் பேசவில்லை, பேசக்கூடாத நேரத்தில் பேசிவிட்டேன். தலையில் கட்டோடு ஆட்டத்தை முடித்தார். தோற்றோம்.

இதோடு முடியவில்லை. சாயங்காலம் அம்மா கட்டைப் பார்த்தாள், எதுவும் கேட்கவில்லை, ரொட்டியை மட்டும் ரொம்ப மெல்லியதாக வெட்டிக்கொண்டே இருந்தாள். அப்பா கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போய், சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்துபோய், காரமான இருமல் மிட்டாய் ஒரு பொட்டலம் வாங்கி வந்தார். என் கையில் வைத்தார்.

"தொண்டை கட்டிப்போச்சா, குட்டி? மூணு மாசமாக் கத்தறியே, பாவம். கடைசி ஆட்டத்துக்குள்ள சரியாயிடும்ல?"

அண்ணா, அவர் என்னை நம்புகிறார்.

ஒரு மிட்டாய் வாயில் போட்டேன். விழுங்க முடியவில்லை.

வின்னி

*

கோவென்ட்ரி
20 ஏப்ரல்

வின்னி,

உன் மேல் தப்பே இல்லை. நன்றாகக் கேட்டுக்கொள், தப்பே இல்லை. என் பேச்சைக் கேட்டதால் நடந்தது. நான் இங்கே கோவென்ட்ரியில் உட்கார்ந்துகொண்டு அவர் தலையில் முழங்காலை வைத்தேன்.

"நீங்க செத்தாத்தான்" என்று சொன்னது அந்த நேரத்துக் கோபம் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது தூங்கப் போனால் அதுதான் கேட்கிறது.

வரலாம் என்று நேற்று ஸ்டேஷன் வரை போனேன். டிக்கெட் ஜன்னலில் என் முறை வந்தபோது சொல்ல வாய் வரவில்லை. பின்னால் நின்றவர் "தம்பி, ஊர் பேர் மறந்துபோச்சா?" என்றார். திரும்பி நடந்துவிட்டேன். நான் வந்து நின்றால் அவர் இன்னும் பிடிவாதமாக நிற்பார். எனக்கு இடம் விட்டுக்கொடுத்தார் என்று ஊர் பேசக் கூடாது என்றே நின்று சாவார். அவரை எனக்குத் தெரியும், என்னைப் போலத்தான் அவரும்.

என்னால் வர முடியாது. மன்னித்துவிடு. கிரிம்லி ஆட்டத்தில் கத்து. உன்னால் முடிந்த அளவு சத்தமாகக் கத்து.

கிளிஃப்

*

வெதர்ஷா
28 ஏப்ரல், வெள்ளி இரவு

அண்ணா,

இது உனக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருக்கும். இருந்தாலும் எழுதுகிறேன். எழுதாவிட்டால் கத்திவிடுவேன் போலிருக்கிறது. இதையும் யாரிடமும் காட்டாதே.

நாளைக்குத் தோற்றால் கடைசி நாலு. டிரா ஆனால்கூடத் தப்பித்தோம். தெருவெல்லாம் அதே பேச்சு. ரொட்டிக் கடையில் ஒரு அம்மாள், "உங்கப்பன் ஒரு மதில்சுவர், கண்ணு, பயப்படாத" என்றாள். மதில்சுவருக்கு இடது பக்கம் ஓட்டை என்று நான் எப்படிச் சொல்வது?

செவ்வாய்க்கிழமை அப்பாவிடம் பச்சை ஸ்கார்ஃப் பெண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டேன். பாத்திரம் கழுவும் தொட்டி முன்னால், சுவரைப் பார்த்தபடி. கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"தெரிஞ்சா தெரியட்டும். அப்ப எந்தப் பக்கம் வருவாங்கன்னு எனக்கும் தெரியும்ல? நேரா அங்கயே போய் நின்னுக்கறேன்" என்றார்.

அதைச் சொல்லும்போது அவர் கையிலிருந்த தட்டு தொட்டிக்கு வெளியே விழுந்து உடைந்தது. தொட்டி இன்னும் கொஞ்சம் வலது பக்கம் இருந்தது, அண்ணா. நான் அவர் வலது கண்ணைப் பார்த்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முழங்கால் பட்டதிலிருந்து அந்தக் கண்ணிலும் ஏதோ ஆகிவிட்டது. கேட்கத் துணிவில்லை.

மறுநாள் அம்மா. காலையில் நான் கண் விழித்தபோது என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள், மில் உடையோடு. என் முகத்துக்கு மிக அருகில். எவ்வளவு நேரமாக அப்படி இருந்தாள் என்று தெரியாது.

"நீ தூக்கத்துல பேசற" என்றாள். "என்னால கேக்க முடியாது. வாய் அசையறதைப் பாத்துட்டு இருந்தேன். நேத்து, அதுக்கு முந்தின நாள், தினமும் அதேதான். இடது அப்பா, இடது அப்பா."

போர்வையால் வாயை மூடிக்கொண்டேன். அம்மா போர்வையை மெதுவாகக் கீழே இழுத்தாள். பிறகு சத்தமே இல்லாமல், உதட்டால் மட்டும் கேட்டாள்.

"ஒரு கண்ணா? ரெண்டுமா?"

நான் வாக்குக் கொடுத்திருந்தேன். நான் பேசவில்லை. ஆனால் என் உதடு அசைந்துவிட்டது. அவளுக்கு அது போதும்.

அழவில்லை. எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனாள். ஜன்னலிலிருந்து பார்த்தேன், மில் பக்கம் இறங்கவில்லை. தபால் நிலையம் இருக்கும் பக்கம் ஏறினாள். தறி ஓட்ட ஆரம்பித்ததிலிருந்து ஒரு நாளும் அவள் சங்குக்குப் பிந்தினதில்லை. அன்றைக்குச் சங்கு ஊதி ஓய்ந்த பிறகும் அவள் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு நாளாக அப்பாவிடம் ஒன்றுமே தெரியாத மாதிரி இருக்கிறாள். பூட்ஸைக் கொதிகலனில் போடவில்லை. சண்டையும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. இன்று சாயங்காலம் நீ படுத்திருந்த பின்னறைக் கட்டிலுக்குத் துவைத்த விரிப்பைப் போட்டுக்கொண்டிருந்தாள். யாருக்கு என்று கேட்கவில்லை. கேட்டு, இல்லை, சும்மா காற்றாடப் போட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

சாப்பிட்ட பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டார். அடுப்புப் பக்கம் உட்கார்ந்து பூட்ஸுக்கு மெழுகு போட்டுக்கொண்டிருந்தார். ஒரே பூட்ஸுக்கு இரண்டு தடவை போட்டார், மற்றது காய்ந்தபடியே கிடந்தது.

"நாளைக்கு நீ கம்பத்துக்குப் பின்னால நிக்க வேணாம், குட்டி. வீட்லயே இரு."

"ஏம்ப்பா? தொண்டை சரியாயிடுச்சு. நெஜமா, பாருங்க." கத்திக் காட்டினேன். குரல் உடைந்துவிட்டது.

"தொண்டைக்காகச் சொல்லல."

"அப்ப யாரு கத்துவா? பிரியர்லி அந்தப் பக்கமாத்தான் வருவான். உங்களுக்குத் தெரியாதே!"

அப்பா கையை நீட்டி என் தலையைத் தேடினார். முதலில் நாற்காலி முதுகைத் தொட்டார். அப்புறம் என் தலை கிடைத்தது.

"எதாவது ஆச்சுன்னா நீ பாக்கக் கூடாது" என்றார்.

அண்ணா, அவருக்கே தெரியும். தெரிந்துதான் போகிறார்.

நான் போவேன். பூட்டி வைத்தாலும் ஜன்னல் வழியாகக் குதித்துப் போவேன். ஆனால் என் சத்தம் மட்டும் இப்போது போதாது. ஒரு பக்கம் நான் பார்த்துச் சொல்லலாம். இரண்டு பக்கமும் எப்படிச் சொல்வேன்? அவரும் பயப்படுகிறார். பயப்படுகிறவர் கையை நான் இதற்கு முன் என் தலையில் உணர்ந்ததில்லை.

நீ ஸ்டேஷனிலிருந்து திரும்பினதற்காக உன் மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு வாரம் இருந்தது. இப்போது இல்லை. நீ வந்து, "விடுங்கப்பா, நான் நிக்கறேன்" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர் திட்டட்டும். வெண்ணெய், ரொட்டி என்று என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். நீ பதில் பேசாமல் நிற்க வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்பது. இதை நீ திங்கட்கிழமை படிப்பாய். திங்கட்கிழமை அதற்கு அர்த்தம் இருக்குமா என்று தெரியாது.

அப்பா இன்னும் படுக்கவில்லை. கீழே நாற்காலி கிறீச்சிடுகிறது. அம்மாவும் படுக்கவில்லை. வாசல் பக்கத்து ஜன்னலில் நிற்கிறாள், அவள் நிழல் தெருவில் விழுகிறது. கேட்காத காதோடு எதற்காகக் காத்திருக்கிறாள்? தெருவில் யாரோ நடக்கிற சத்தம். இந்த நேரத்தில் டக்வொர்த் எதற்கு வர வேண்டும்? அப்பாவுக்கு ஏதாவது என்று டாக்டர்

நின்றுவிட்டது. நம் வீட்டு முன்னால்.

கதவு. கையால் தட்டவில்லை. அடியில், பூட்ஸ் முனையால், அம்மா உன்னைத் திட்டுவாளே அப்படி. ஒன்று. இரண்டு. அண்ணா, இரண்டு உதை, இன்னும் ஒன்று மட்டும் வந்தால்